தோட்டக் கம்பனிப் பங்கு வாங்கலாமா?

தலவாக்கலை நகரத்தைச் சுற்றியுள்ள மட்டுக்கலை, ஹோலிரூட், லோகி, கிரேட்வெஸ்டன் தோட்டங்கள் எல்லாம் ஒரே கம்பனியின் கையில் இருக்கின்றன. ஹேலீஸ் குழுமத்தைச் சேர்ந்த தலவாக்கலை டீ எஸ்டேட்ஸ்தான் அது. அதன் பங்குகளைக் கொழும்பு பங்குச் சந்தையில் யாரும் வாங்கலாம். கொட்டகலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, ஹட்டன் என்று ஊர்ப்பெயர் தாங்கிய கம்பனிகளும் அங்கே உண்டு. விலைப் பட்டியலைப் பார்த்தால் ஹட்டன் பஸ் நிலையத்துப் பெயர்ப் பலகையைப் பார்ப்பது போலிருக்கும்.

சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும் ஆசிரியர்கள், கடைக்காரர்கள், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லோரும் இன்று கேட்கிற கேள்வி, "நமக்குத் தெரிந்த தோட்டம்தானே, பங்கு வாங்கினால் என்ன?" என்பதுதான். வாங்கலாம். ஆனால் தோட்டத்தைத் தெரிந்திருப்பது வேறு, அதன் பங்கைத் தெரிந்திருப்பது வேறு.

பங்கு வாங்கினால் எது நமக்குச் சொந்தம்?

மலை சொந்தமாகாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாக்கப்பட்டு, நிலம் அவற்றுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. 53 ஆண்டுக் குத்தகை, 2045இல் முடிகிறது. ஆகவே பங்குதாரருக்குக் கிடைப்பது குத்தகை நிலத்தில் நடக்கும் தொழிலின் ஒரு சிறு பகுதி. லாபம் வந்து, கம்பனி பங்கிலாபம் அறிவித்தால் உங்கள் கணக்குக்குப் பணம் வரும். அதில் 15 சதவீதம் வரியாகக் கழிக்கப்படும். 100 ரூபாய்க்கு 85 ரூபாய் கைக்கு வரும். நட்டம் வந்தால் எதுவும் வராது. கேட்கவும் முடியாது.

கொழுந்து நன்றாக வந்தால் பங்கும் ஏறுமா?

மலையில் இருப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சில மாதங்களில் தடை தளர்ந்தாலும் செடி அதற்குள் அடி வாங்கிவிட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. மலையில் நின்று கொழுந்தைப் பார்த்தவர் "கம்பனி தொலைந்தது" என்றுதான் நினைத்திருப்பார்.

நடந்தது நேர்மாறு. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. தேயிலையை வாங்கி ஏற்றுமதி செய்பவருக்கு டொலரில் காசு வருவதால் அவரால் ரூபாயில் கூடுதலாகக் கொடுக்க முடிந்தது. கொழும்பு தேயிலை ஏலத்தில் 2021இல் கிலோ 620 ரூபாயளவில் இருந்த சராசரி விலை, 2022இல் 1,270 ரூபாயளவுக்கு ஏறியது. கொழுந்து குறைந்த ஆண்டில் வருமானம் கூடியது.

எதிர்த் திசையிலும் இப்படி நடக்கும். தேயிலை உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலிதான். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் வைத்து நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அப்போதைய ஜனாதிபதி அறிவித்தார், வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்றானது. இந்த ஒவ்வொரு திருப்பமும் கம்பனியின் ஆண்டுக் கணக்கை மாற்றக்கூடியது. செடி மட்டும் அப்படியேதான் நின்றது.

ஆக, தேயிலைப் பங்கு வாங்குமுன் பார்க்க வேண்டியவை ஏல விலை, டொலர் விலை, சம்பளப் பேச்சுவார்த்தை, கம்பனியின் கடன். அருகருகே தோட்டங்கள் வைத்திருக்கும் இரண்டு கம்பனிகளில் ஒன்று லாபம் காட்ட, மற்றது வட்டி கட்டியே களைத்துப் போகும். பட்டியலிலுள்ள எல்லாக் கம்பனிகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிடுகின்றன. அதில் கடன், வட்டிச் செலவு என்ற இரண்டு வரிகளையாவது படியுங்கள்.

தொடங்க எவ்வளவு பணம் வேண்டும்?

ஒரு பங்குகூட வாங்கலாம். முதலில் உரிமம் பெற்ற தரகர் நிறுவனம் ஒன்றின் மூலம் சீ.டி.எஸ். கணக்கு (பங்குகளைக் கணினிப் பதிவில் வைத்திருக்கும் கணக்கு) திறக்க வேண்டும். முக்கியமாக அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் வேண்டும். 2020 முதல் கைபேசிச் செயலியிலேயே திறக்கலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. வார நாட்களில் காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை வியாபாரம் நடக்கும்.

செலவையும் கணக்குப் பாருங்கள். தரகு, தீர்வை எல்லாம் சேர்த்து சுமார் 1.12 சதவீதம். 10,000 ரூபாய்க்கு வாங்கினால் 112 ரூபாய், விற்கும்போது இன்னொரு 112 ரூபாயளவு. விலை சுமார் 2.3 சதவீதமாவது ஏறினால்தான் உங்கள் காசே உங்களுக்குத் திரும்பி வரும். அடிக்கடி வாங்கி விற்பவரின் லாபத்தைத் தின்பது இதுதான்.

தோட்டக் கம்பனிப் பங்குகளில் இன்னொரு சிக்கல், அவை தினமும் பெரிய அளவில் கைமாறுவதில்லை. வாங்குபவர் 118 ரூபாய் கேட்டு நிற்பார், விற்பவர் 124 என்பார். "கிடைக்கும் விலைக்கு வாங்குங்கள்" என்று தரகரிடம் சொன்னால் 124க்குத்தான் வரும். "120க்கு மேல் வேண்டாம்" என்று விலையைச் சொல்லிக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் நாளை பார்க்கலாம்.

நிலையான வைப்பா, பங்கா?

இதற்கு விடை அந்தக் காசு உங்களுக்கு எப்போது தேவை என்பதில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. ஆண்டு முடிவில் அரசின் 91 நாள் திறைசேரி உண்டியல் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்தது. அப்படி வட்டி கிடைக்கும்போது பலர் பங்கை விற்றுவிட்டு வட்டிப் பக்கம் போவார்கள், பங்கு விலை இறங்கும். வட்டி விழுந்தால் காசு திரும்பி வரும். அந்த 30 சதவீதமும் முழு ஆதாயம் அல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது.

நகை அடகில் இருக்கிறதா? முதலில் அதை மீட்டெடுங்கள். மிச்சமாகும் அடகு வட்டி நிச்சயம், பங்கில் எதுவும் நிச்சயமில்லை. ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இருக்கட்டும். அடுத்த மூன்று, நான்கு வருடம் தொடத் தேவையில்லாத காசுதான் பங்குக்கு உரியது.

எப்போது வாங்குவது?

2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டியிருந்த கொழும்பு பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், சில மாதங்களில் 8,000க்குக் கீழே விழுந்தது. கடன் எடுத்துப் பங்கு வாங்கியவர்கள் அந்த விலைக்கே விற்க வேண்டி வந்தது. சொந்தக் காசில் வாங்கிக் காத்திருந்தவர்கள், 2025இல் அதே சுட்டெண் 20,000ஐக் கடந்ததைப் பார்த்தார்கள். அடிமட்ட விலையைச் சரியாகப் பிடிப்பவர் அரிது. மாதாமாதம் ஒரு சிறு தொகைக்கு வாங்கினால் விலை உயர்ந்தபோது குறைவாகவும், விழுந்தபோது கூடுதலாகவும் பங்கு சேரும். ஆனால் சுட்டெண் எழும்பியது என்பதற்காக நீங்கள் வைத்திருக்கும் பங்கும் எழும்பும் என்று எண்ணக்கூடாது.

அதனால்தான் ஒன்றிலேயே போடக்கூடாது. மலையகத்தவருக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். தலவாக்கலையில் கடை வைத்திருப்பவரின் வியாபாரமும் தோட்டச் சம்பள நாளை நம்பித்தான் இருக்கிறது. ஏல விலை விழும் ஆண்டில் வேலை நாள் குறையும், கடையில் கடன் கூடும். சேமிப்பும் தேயிலைப் பங்கிலேயே இருந்தால் அதுவும் அதே ஆண்டில்தான் விழும். ஆகவே தேயிலைப் பங்கு ஒன்று இருக்கட்டும். வங்கி, உணவு, தொலைபேசி என்று மற்றவையும் இருக்கட்டும்.

தோட்ட ஒப்பீசில் இருக்கும் அண்ணன் சொன்னால்?

மலையில் கொழுந்து குறைந்திருப்பதை யாரும் பார்க்கலாம், அதைப் பார்த்து முடிவெடுப்பதில் குற்றமில்லை. கம்பனி இன்னும் வெளியிடாத லாபக் கணக்கை உள்ளேயிருந்து அறிந்து பங்கு வாங்குவது தண்டனைக்குரிய குற்றம். வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு இது பறக்கும்" என்று வருவதோ பெரும்பாலும் ஏற்கெனவே வாங்கி வைத்தவர் தள்ளிவிட ஆள் தேடுவதுதான். தரகருக்கு உரிமம் உண்டா என்பதைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் பட்டியலில் பாருங்கள். தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

வீட்டில் பழைய பங்குப் பத்திரம் இருந்தால்?

1990களின் நடுவில் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது 51 சதவீதம் பெரிய நிறுவனங்களுக்கும், 20 சதவீதம் பொதுமக்களுக்கும் போக, 10 சதவீதம் ஊழியர்களுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. அப்பா, அம்மா பெயரில் அந்தக் கடதாசி இன்னும் பெட்டியில் கிடக்கலாம். எறிந்துவிடாதீர்கள். வாசலுக்கு வந்து விலை கேட்பவரிடம் கொடுத்துவிடவும் வேண்டாம். கம்பனிச் செயலாளருக்கு எழுதிப் பெயர் பதிவில் இருக்கிறதா, வாங்காத பங்கிலாபம் நிற்கிறதா என்று கேளுங்கள். உரியவர் காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழும் வாரிசு ஆவணங்களும் தேவைப்படும். தரகர் மூலம் சீ.டி.எஸ். கணக்கில் வைப்புச் செய்த பிறகுதான் சந்தையில் விற்க முடியும். விற்பதா, வைத்திருப்பதா என்று முடிவெடுக்க, அன்றைய விலைக்கு அதே பங்கைப் புதிதாக வாங்குவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். வாங்க மாட்டீர்கள் என்றால் விற்றுவிடுங்கள்.