மின்சாரப் பாற்கலனில் வெப்ப உணரியைச் சோதித்தல்

மின்சாரக் கலனில் பாலைப் பாஸ்டர் முறைப்படி தூய்மை செய்ய, 63° செல்சியஸில் 30 நிமிடம் வைத்தல் வேண்டும். உணரி 2° மிகுத்துக் காட்டுமாயின் பால் 61° அளவிலேயே நின்றுவிடும், நோய்க்கிருமிகள் எஞ்சக்கூடும்.

பல கலன்களில் பிளாட்டின உணரி உள்ளது. அதன் மின்தடை 0°-இல் 100 ஓம். 100°-இல் ஏறத்தாழ 138.5 ஓம். ஒரு பாகைக்கு 0.4 ஓம் அளவே மாறுவதால், இரு கம்பி இணைப்பில் கம்பிகளின் தடை 0.4 ஓம் இருப்பினும் அளவு ஒரு பாகை கூடிவிடும். மூன்று கம்பி இணைப்பு இப்பிழையைப் பெரிதும் நீக்கும்.

சோதிக்கும் முறை எளிது. நொறுக்கிய பனிக்கட்டியைத் தூய நீருடன் நெருக்கமாகக் கலந்து, உணரியை அதனுள் நிறுத்துக, 0° காட்டவேண்டும். பின்னர்க் கொதிநீராவியில் வைக்க. கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது. கடல்மட்டத்தை ஒட்டிய மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் அது 100° அளவில் இருக்கும். மழைக்காலத்தில் அழுத்தம் 1000 மில்லிபாராகக் குறையின் 99.6° ஆகும். உயர்ந்த உதகமண்டலத்திலோ ஏறத்தாழ 93° தான்.

இரு முனைகளிலும் பிழை ஒன்றாயின் அவ்வளவைத் திருத்திக்கொள்க. வேறுபடின், நன்கு கலக்கிய 63° வெந்நீரில் சான்று பெற்ற வெப்பமானியுடன் ஒப்பிடுக. ஆசிரியர்கள் இச்சோதனையைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் செய்துகாட்டலாம்.