நிறுத்தற்குறியும் பார்வையற்றோர் வாசிப்பும்

1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களின் துறைமுகப் பகுதி 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. அதே 1990இல் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களைப் போன்று, காணி தொடர்பான ஒவ்வொரு கடிதமும் அவர்களுக்கு முக்கியமானது. அதனைப் பெறுபவர் பார்வையற்றவராயின், பிறர் தயவின்றித் தாமே படிக்க உதவுவது பிரெயில் எழுத்தாகும்.

கணினியில் தட்டச்சிட்ட ஆவணத்தை மென்பொருளே பிரெயிலாக மாற்றுகின்றது. அது எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. உள்ளிருக்கும் குறியீட்டையே படிக்கின்றது. இலங்கையில் பரவலான பாமினி எழுத்துருவில் ‘இ’ ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்திலும், மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்திலும் அமைந்துள்ளன. எனவே அவ்வாவணத்தை அப்படியே மாற்றினால் ‘இலங்கை’ காற்புள்ளியில் தொடங்கும்; ‘தமிழ்’ அரைப்புள்ளியில் முடியும். ஏனையவை பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகும்.

ஒருங்குறியில் எழுதினாலும் கவனம் தேவை. தமிழ் பிரெயிலில் தொடக்க மேற்கோளுக்கும் கேள்விக்குறிக்கும் 2, 3, 6 ஆகிய புள்ளிகளே உரியவை. சொல்லுக்கு முன் நின்றால் மேற்கோள். பின் நின்றால் கேள்வி. கேள்விக்குறிக்கு முன் வீணே இடைவெளி விட்டால், விரலால் படிப்பவர் தடுமாறுவார்.

ஆகவே, பாமினி ஆவணங்களை முதலில் ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். மேற்கோளைத் திறக்கவும் மூடவும் உரிய வளைந்த குறிகளை இடுதல் வேண்டும். கேள்விக்குறியைச் சொல்லோடு சேர்த்தே இடுதல் வேண்டும். தட்டச்சு செய்பவருக்கு இவை சிறு பழக்கங்களே. ஆனால் தமது காணிக் கடிதத்தைத் தாமே படிக்கும் உரிமை, பார்வையற்ற ஒருவருக்கு இவற்றிலேயே தங்கியுள்ளது.