பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்

பதினைந்து வயது நிரம்பிய ஒரு பிள்ளை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கிய சில நாட்களுக்குள்ளாகவே, தான் படிக்கப்போவது உயிரியலா, கணக்குப் பதிவியலா என்பதைப் பள்ளி விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி ஏற்பட்ட 1978-ஆம் ஆண்டு தொட்டு இந்த நிர்ப்பந்தம் இருந்து வருகிறது. 'ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்ததா?' என்று விசாரிக்கும் உறவினர் பலர். அந்தக் குரூப் கொண்டுபோய்ச் சேர்க்கும் உத்தியோகத்தில் ஒரு மனிதர் காலை முதல் மாலை வரை என்னதான் செய்கிறார் என்று எடுத்துச் சொல்பவர் அபூர்வம்.

இந்தக் குறையைத் தீர்க்கத் தொண்டைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தெரியவில்லை. காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இன்று மேல்நிலைப் பள்ளிகளிலும் நடக்கிறது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் நியதி. ஆனால், சான்றிதழ் ஒன்றையே கருதி அந்த மணிகளைக் கழிக்கும் மாணவன், தன்னைத் தானே பரீட்சித்துக்கொள்ளக் கிடைத்த சந்தர்ப்பத்தை நழுவவிடுகிறான் என்பதே என் அபிப்பிராயம்.

சென்னைக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். பங்குனி ஆமை என்று வழங்கும் கடலாமை முட்டையிடக் கரையேறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான இரவுகளில், 1988-இல் மாணவர்களே தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கிறார்கள். மணலில் ஆமை சென்ற தடத்தைக் கண்டு, அது குழி தோண்டி மூடிய இடத்தை மெல்லத் துழாவி, நூற்றுக்கு முன்பின்னாக இருக்கும் முட்டைகளை எண்ணி எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து, தேதி இட்டு எழுதிவைக்கிறார்கள். பெரியவர் துணையோடு ஓரிரவு கூட நடந்த மாணவிக்கு, பிராணிகள் மீதுள்ள பிரியம் வேறு, பிராணியியல் என்னும் தொழில் வேறு என்பது பிரத்தியட்சமாக விளங்கிவிடும். உறக்கமும் ஓய்வும் இழந்து எண்ணுவதிலும் அளப்பதிலும் பதிவதிலும் அவள் மனம் ஒன்றுகிறதா என்பதை அவளே கண்டுகொள்வாள். ஒன்றவில்லையென்றாலும் நஷ்டமில்லை. பொரிந்த குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஊர்வன ஆதலால், தெருவிளக்கைக் கடலென்று மயங்கிச் சாலைப் பக்கம் திரும்பி மடிகின்றன என்று கேட்டவுடன் ஒருவனுக்கு விளக்கமைப்பில் நாட்டம் பிறக்கலாம். இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டி இறந்து ஒதுங்கிய ஆமையைப் பார்த்த மற்றொருத்திக்கு, 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் என்ன சொல்கிறது என்றும், அந்த வலையை நம்பி ஜீவிக்கும் மீனவக் குடும்பத்தின் வரவுசெலவு என்ன என்றும் அறியத் தோன்றலாம். ஒரே மணலில் பொறியியலும் சட்டமும் பொருளாதாரமும் கிடக்கின்றன. எந்தக் குரூப்பின் பாடத்திட்டமும் அவற்றை இப்படி ஒரே இடத்தில் காட்டுவதில்லை.

கடலில்லாத ஊர்களுக்கும் இது பொருந்தும். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் நடத்தும் இலவச முகாம்களுக்கு உள்ளூர்த் தொண்டர்களே ஆதாரம். முதியவரைக் கைப்பிடித்து வரிசையில் அமர்த்தி, பெயர் எழுதிக் கொடுக்கும் மாணவன், மருத்துவரின் சில நிமிஷங்களுக்குப் பின்னே பார்வையை அளப்பவர், அறுவைசிகிச்சைக்கு அஞ்சும் கிழவியிடம் பேசித் தேற்றுபவர், பஸ்ஸில் ஏற்றி அனுப்புபவர் என்று எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பதைக் காண்கிறான். டாக்டர் இல்லையேல் ஒன்றுமில்லை என்று நம்பி வந்தவனுக்கு, மருத்துவத் துறையில் கௌரவமான வேறு பல வாயில்கள் உண்டென்பது அங்கேதான் தெரிகிறது.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். 'படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?' என்று தடுத்துவிடாதீர்கள். வீடு திரும்பியதும், எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எதில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய் என்று கேட்டு, அந்தப் பதிலை ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, பிரிவு கேட்கும் விண்ணப்பம் வருவதற்கு இடையே சில வாரங்கள் இருக்கின்றன. அவ்வருஷத்துக் கடைசி ஆமைக்குஞ்சுகள் பெசன்ட் நகர்க் கரையில் மாலை வெளிச்சத்தில் கடலிறங்குவதும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான்.