எடை குறைக்கும் கை எங்கே பழகியது?

வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பிச்சனூர், கே.ஜி. சாவடி, அப்புறம் கோவை. கிழக்குப் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பல பெரிய மருத்துவத்துக்குப் போகும் வழி இது. உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைக்கும் இன்று கோவைக்கே போகலாம். போகிறவர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ குறையுங்க டாக்டர்?" அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "இந்த ஆபரேஷன் நீங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?" பெரிய டாக்டரிடம் இதையெல்லாம் கேட்பதா என்று கூச்சப்படுகிறோம். கூச்சப்படத் தேவையில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பருமன் அறுவை செய்யும் 20 நிபுணர்கள், தாங்கள் செய்த இரைப்பை மாற்றுவழி அறுவையின் வீடியோவை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். யாருடைய கை என்று தெரியாமலேயே சக நிபுணர்கள் அவற்றைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். பிறகு அந்த மதிப்பெண்களை அவரவர் நோயாளிகளுக்கு நேர்ந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2013-இல் வெளியானது. மதிப்பெண்ணில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல். முதல் கால்பகுதியினரிடம் 5.2 சதவீதம்தான். உயிரிழப்பும் 0.26-க்கு 0.05 சதவீதம். எல்லாருமே தகுதி பெற்ற, தொழில் நடத்திக்கொண்டிருந்த நிபுணர்கள் என்பதை மறக்கக் கூடாது. பெயர்ப்பலகையில் இருக்கும் பட்டம் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

அப்படியானால் அந்தக் கை எங்கே பழகுகிறது? எம்.பி.பி.எஸ்., மூன்று ஆண்டு எம்.எஸ். பொது அறுவை என்பது எல்லாருக்கும் பொதுவான அடித்தளம். அதற்கு மேல் துளை வழியே அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பி, அதற்கும் மேல் மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் நின்று பருமனான வயிற்றுக்குள் வேலை செய்யும் தனிப் பயிற்சி. ஆனால் இந்தத் துறையின் வேர் பருமனில் இல்லை, வயிற்றுப் புண்ணில் இருக்கிறது.

அந்தக் கதையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்டு சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், பயணத்தின் முடிவில் தென்திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தவர், லண்டன் வாழ்வை விட்டுவிட்டு நெய்யூரிலேயே பணியில் சேர்ந்தார். தென்னிந்தியாவில் அன்று முன்சிறுகுடல் புண் மிக அதிகம். இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைக்கும் அறுவைக்கு நெய்யூர் பேர்போனது. பின்னாளில் அவர் வேலூர் சி.எம்.சி.யில் மாணவர்களுக்கு அறுவை கற்றுக்கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த மருத்துவ வாழ்க்கை இது.

புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்த பெண்கள் அப்புறம் எடை கூடவே சிரமப்படுவதை அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு மேசன் கவனித்தார். பருமனாக இருப்பவர்களுக்கு இதையே சிகிச்சையாக்கினால் என்ன? 1966-இல் தொடங்கிய அந்த முயற்சிதான் இரைப்பை மாற்றுவழி அறுவை. பருமன் அறுவை நிபுணர் என்பவர், ஆகவே, முதலில் குடலை இணைக்கத் தெரிந்தவர்.

வயிற்றைக் கிழிக்காமல் துளை வழியே இதைச் செய்யும் காலம் 1990-களில் வந்தது. கோவையில் அதற்கு முன்னோடி சி. பழனிவேலு. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் மலேசியாவில் கூலி வேலை செய்து, திரும்பி வந்து பள்ளியை முடித்து, பிறகு மருத்துவம் படித்தவர். அவர் நிறுவிய ஜெம் மருத்துவமனையில், கணையப் புற்றுக்கான மிகச் சிக்கலான அறுவையைக்கூடத் துளை வழியே செய்து காட்டினார்கள். எடைக் குறைப்பு அறுவையும் அங்கே நடக்கிறது. மற்றக் குடல் அறுவைகளில் தேறிய கைகள் பக்கத்திலேயே இருப்பதால் இந்தத் துறைக்கு என்ன பலம் என்பதைச் சிக்கல் வரும் நாளில்தான் உணர முடியும்.

இப்போது அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் அறுவையையே பாருங்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒரு குழாய் போல ஸ்டேப்ளர் பின்களால் மூடுகிறார்கள். கிரெலின் என்ற பசி ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியும் அடங்குகிறது. ஆனால் நீண்ட அந்தப் பின் வரிசையில் எங்கேனும் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. பருமனானவருக்கு வயிற்றைத் தொட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது கடினம். காரணம் தெரியாமல் நாடித் துடிப்பு 120-ஐத் தாண்டினால் அதுவே முதல் எச்சரிக்கை. அனுபவம் உள்ளவர் அந்த எண்ணைப் பார்த்ததும் ஸ்கேனுக்கோ மறு அறுவைக்கோ தயாராவார்.

அவர் மட்டும் போதாது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாளிக்குக் குழாய் போடத் தெரிந்த மயக்க மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு, உணவியலாளர், மனநல ஆலோசகர் எல்லாரும் வேண்டும். 2024-இல் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன ஓர் இளைஞர் உயிரிழந்தார். அவசர நிலையைச் சமாளிக்கும் வசதி அந்த மருத்துவமனையில் போதவில்லை என்று அரசின் விசாரணை கண்டது. அந்தக் குடும்பத்தை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

வேலந்தாவளத்திலிருந்து போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: வீடு திரும்பிய பிறகு ராத்திரியில் வாந்தி நிற்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது? எந்த அறுவை, எந்த அளவு என்று எழுதிய டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகல் ஒன்றைக் கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். பி12, இரும்புச் சத்து, தயமின் அளவுகளை ஆயுள் முழுக்கக் கவனிக்கப்போகிறவர் அவராகவும் இருக்கலாம்.