மூக்கு உடைந்த காருக்கு வீட்டு வைத்தியமா? குமுளி மலை ஏறும் முன் உஷார்!

தேனி–கம்பம் ரோட்டில் இருட்டு நேரத்தில் மாடு குறுக்கே வரும். முன்னால் போகும் வாழைத்தார் லாரி திடீரென்று பிரேக் போடும். அடுத்த நொடி “டமார்!” காரின் மூக்கு காலி!

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. “அப்பாடா, தப்பிச்சோம்” என்று காரை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மறுநாள் காலையில் வாசலில் சுத்தியல் சத்தம் கேட்கிறது.

ஒடுக்கு எடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் புதுக் கார்தானே என்பது நினைப்பு. அந்த நினைப்பு பாதி சரி. மீதிப் பாதியில்தான் உயிர் இருக்கிறது.

ஜீப் வேறு, கார் வேறு

ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறும் பழைய ஜீப்புக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் உண்டு. மட்கார்டு நசுங்கினால் கழற்றித் தட்டி மாட்டிவிடலாம்.

இன்றைய சின்னக் கார்களுக்குத் தனிச் சட்டம் கிடையாது. பாடிதான் சட்டம். இடித்தால் மடங்க வேண்டும் என்றே முன்பகுதியைச் செய்திருக்கிறார்கள். அது மடங்குவதால்தான் உள்ளே இருப்பவர் பிழைக்கிறார்.

மடங்கிய தகட்டைச் சுத்தியலால் நீட்டினால் பார்வைக்கு நேராக இருக்கும். அடுத்த இடியை முன்போல் தாங்காது!

முதலில் போட்டோ

விபத்தில் யாருக்காவது காயமா? 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது 1988–ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். போலீசார் பார்க்கும் முன்பே காரைத் தட்டிக்கொட்டினால் தடயத்தை அழித்ததாகிவிடும்.

காயம் இல்லை, முழு இன்சூரன்ஸ் இருக்கிறது என்றாலும் அவசரம் கூடாது. நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் கழற்றினால் பணம் வருவது சந்தேகம்.

சின்ன அடி என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிளைம் கேட்காதவருக்கு முதல் வருடம் 20 சதவீதம், ஐந்து வருடம் தொடர்ந்தால் 50 சதவீதம் போனஸ் தள்ளுபடி உண்டு. கிளைம் போட்டால் அது போய்விடும். ‘தேர்டு பார்ட்டி’ மட்டும் கட்டியவருக்குத் தன் கார் சேதத்துக்குக் காசு கிடையாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவது. பிறகு காருக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். பச்சையோ சிவப்போ வழுவழுப்பாகச் சொட்டினால் அது கூலண்ட். ரேடியேட்டர் ஓட்டை! அதோடு லோயர்கேம்பில் இருந்து மலை ஏறினால் பாதி வழியில் என்ஜின் கொதித்துவிடும். பிறகு செலவு ரேடியேட்டரோடு நிற்காது.

பம்பர் கிளிப், உடைந்த கிரில், பல்பு இவற்றை வீட்டிலேயே மாற்றலாம். போல்ட்டில் நிற்கும் மட்கார்டையும் மாற்றலாம்.

உள்ளே வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு டேப் போதும். பானெட்டைத் திறந்து, இடது முன் மூலை போல்ட்டில் இருந்து வலது பின் மூலை போல்ட் வரை குறுக்கே அளக்க வேண்டும். பிறகு வலது முன் மூலையில் இருந்து இடது பின் மூலை வரை. இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா? ஏர் பேக் விரிந்ததா? ஏர் பேக் விளக்கு அணையாமல் எரிகிறதா? இது எதுவும் வாசலில் வைத்துப் பார்க்கிற வேலை அல்ல. நேரே பெரிய ஒர்க்‌ஷாப்தான்.

இரண்டு எமன்கள்

பானெட் பூட்டு சரியாக விழாவிட்டால், வேகத்தில் காற்று பானெட்டைத் தூக்கிக் கண்ணாடியில் அறையும். பிறகு ரோடே தெரியாது. கயிற்றால் கட்டி ஓட்டுவது ஆபத்து!

ஹெட்லைட் வானத்தைப் பார்த்தால் எதிரே வருபவருக்குக் கண் கூசும். சமதரையில் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்தி, இரண்டு விளக்கும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

சபரிமலை சீசனில் கூட்டம் கூடினால் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவது வழக்கம். ராத்திரி முழுக்க வண்டி ஓடும். 2022 டிசம்பரில் சபரிமலையில் இருந்து திரும்பிய தேனி மாவட்ட பக்தர்கள் 8 பேர் குமுளி மலைப்பாதையில் கார் பள்ளத்தில் விழுந்து இறந்தார்கள். அந்தப் பாதை எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

பட்டியும் பெயிண்டும் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணை ஏமாற்றிவிடும். மலை இறக்கத்துக் கொண்டை ஊசி வளைவு ஏமாறாது!