யவனர் மதுச்சாடியும் நெய்தல் விருந்தும்

வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டைத் துறைக்குப் போர்த்துக்கீசியர் மரக்கலமேறி வருவதற்குச் சுமார் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே, இதே கடற்கரையின் வடபால், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், மத்தியதரைக் கடற்பிரதேசத்துத் திராட்சை மது வந்திறங்கியது என்பதற்கு, 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட ஆம்போரா எனும் இருபிடிச் சாடிகளின் ஓடுகள் சாட்சியம் பகர்கின்றன.

குறுகிய கழுத்தும், மரக்கலத்தில் நெருக்கி அடுக்குவதற்கு இசைந்த ஒடுங்கிய அடியும் வாய்ந்த அச்சாடிகளின் உட்புறத்தில், மது கசிந்துவிடாதிருக்கும் பொருட்டுப் பிசின் பூசுவது அக்கால வழக்கம். எல்லாச் சாடிகளும் மது சுமந்தவை அல்ல. ஒலிவ எண்ணெயும் மீன் ஊறலும் கொணர்ந்தவையும் அவற்றுள் உண்டு.

கிரேக்க, உரோமானியரான யவனர் கொணர்ந்த நறுமண மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, பாண்டியன் நன்மாறன் பருகி மகிழ்ந்திருக்குமாறு நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் வாழ்த்துகின்றார். அஃது அரண்மனையின் போகம். நம் மனத்தை அதனினும் ஆழமாகக் கவர்வது, சிறுபாணாற்றுப்படை சித்திரிக்கும் எயிற்பட்டினத்து நெய்தல் விருந்து: வழிநடந்து களைத்த பாணர்க்கு, மீனவரான நுளையர் மகள் தன் கையால் அரித்தெடுத்த முதிர்ந்த கள்ளின் தெளிவும், அதற்குத் துணையாக, நெருப்பில் வாட்டிய உலர்ந்த குழல்மீனும்! கடலுப்பு ஏறிய அம்மீனின் சுவைக்கு இசைந்த பானம், கடல் கடந்து வந்த திராட்சை ரசமன்று, இம்மண்ணின் கள்ளே என்பது எமது துணிபு.