பிடிக்காத பொருளைத் திருப்பித் தர உரிமை உண்டா? நாட்டுக்கு நாடு வேறுபடும் இணைய வணிகச் சட்டங்கள்

புது தில்லி: கடையில் துணியை விரித்துப் பார்த்து வாங்குபவருக்கும், திரையில் படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டுபவருக்கும் ஒரே சட்டம் போதுமா? போதாது என்று 1997-லேயே முடிவு செய்தது ஐரோப்பிய யூனியன். நேரில் பாராமல் வாங்கிய பொருளைக் காரணம் கூறாமல் திருப்பித் தர குறைந்தது 7 வேலை நாள் அவகாசம் தர வேண்டும் என அப்போது விதிக்கப்பட்டது. 2014 ஜூன் முதல் இது 14 நாளாக உயர்ந்தது.

இந்த உரிமையை வாங்குவோருக்குத் தெரிவிக்காமல் விற்பவர் மறைத்தால், அவகாசம் மேலும் 12 மாதம் நீளும். மறைப்பவருக்கே நஷ்டம் என்ற இந்த ஏற்பாடுதான் அச்சட்டத்தின் உண்மையான பலம். அளவெடுத்துத் தைத்த ஆடை, விரைவில் கெடும் உணவுப் பொருள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

சீனாவில் 2014 மார்ச் 15 முதல் 7 நாள் அவகாசம் நடைமுறையில் உள்ளது. 2019 ஜனவரியில் அமலுக்கு வந்த மின்வணிகச் சட்டம் விற்பனைத் தளங்களையும் விட்டுவைக்கவில்லை. ஆபத்தான பொருள் விற்கப்படுவதை அறிந்தும் தளம் வாளாவிருந்தால், விற்பவருடன் சேர்ந்து அதுவும் பொறுப்பேற்க வேண்டும்.

அமெரிக்காவின் வழி வேறு. வீடு தேடி வந்து விற்பவரிடம் வாங்கியதை 3 நாளில் ரத்து செய்ய அங்கு மத்திய விதி உண்டு. இணையத்தில் வாங்கியதற்கு அது பொருந்தாது. சொன்ன காலத்தில், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பொருளை அனுப்ப வேண்டும் என்பதே அங்குள்ள முக்கியக் கட்டுப்பாடு.

இந்தியாவின் நிலை: இங்கு சட்டம் முதலில் கவலைப்பட்டது தளத்தைப் பற்றித்தான். 2004-ல் பாஸி டாட் காம் தளத்தில் ஆபாசப் படக்காட்சி விற்பனைக்கு வந்த வழக்கில் அதன் தலைமை நிர்வாகி கைதானார். இதையடுத்து, பிறர் பதிவிடுவதற்குத் தளங்கள் பொறுப்பாகாமல் இருக்க நிபந்தனைகளுடன் பாதுகாப்பு அளித்து 2008-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் திருத்தப்பட்டது. இணையத்தில் வாங்குபவருக்கெனத் தனி விதிகள் வர மேலும் 12 ஆண்டுகள் ஆயின.

2020 ஜூலையில் வெளியான அந்த விதிகளின்படி குறைபாடுள்ள, போலியான, விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. தக்க காரணமின்றித் தாமதமாக வந்ததற்கும் இது பொருந்தும். தளத்தின் குறைதீர் அதிகாரி புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும்.

ஆனால், "பிடிக்கவில்லை" என்பதற்காகத் திருப்பித் தரும் உரிமை இதில் இல்லை. பல தளங்கள் அளிக்கும் 7 நாள், 10 நாள் வசதி அவற்றின் வணிக உத்தியே. அவை விரும்பினால் அடுத்த விற்பனையில் இருந்தே சுருக்கிக் கொள்ளலாம். கேட்க இங்கு சட்டம் இல்லை. பொருளில் குறை இருப்பதைக் காட்ட வேண்டியவரும் வாங்கியவர்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்திய நுகர்வோரின் கை ஓங்கியுள்ளது. 1986-ம் ஆண்டுச் சட்டப்படி எதிர்தரப்பின் அலுவலகம் உள்ள ஊரிலோ, பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குத் தொடர முடியும். 2019-ம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. கோரக்பூரில் வசிப்பவர், பெங்களூர் நிறுவனம் மீது கோரக்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை ரூ. 5 லட்சத்துக்கு மிகாவிட்டால் கட்டணமும் கிடையாது.